ஓசூரில் 1000, அத்திப்பள்ளியில் 500: டிராஃபிக் ஃபைனை விலையா பார்க்காதீங்க!

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்ல, டேக்ஸ் ரிஜிமும் இல்ல. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பைக்கில் வேலைக்குப் போற எல்லாரும் அடிக்கடி புலம்புற விஷயத்தைப் பத்தி எழுதுறேன்: டிராஃபிக் ஃபைன். சேனல் வீடியோவில் நேரம் பத்தாம சுருக்கமா சொல்லியிருந்தேன். இங்கே கணக்கோட பார்க்கலாம்.

ஜூஜூவாடி எல்லைக்கு இந்தப் பக்கம் ஹெல்மெட் இல்லாம மாட்டினா 1000 ரூபாய். அதே தலை, அதே பைக், அதே ஹைவே, ஆனா அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் மாட்டினா 500 ரூபாய். இத்தனைக்கும் ரெண்டு பக்கமும் ஒரே மத்திய சட்டம்தான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினாங்க, செப்டம்பர் 1-லிருந்து நடைமுறைக்கு வந்தது. கர்நாடகா உடனே அபராதத்தை ஏத்துச்சு. மக்கள் கொதிச்சதும் அதே மாசத்துலயே ஹெல்மெட், சீட் பெல்ட் ரெண்டுக்கும் 1000-லிருந்து 500-ஆ குறைச்சிடுச்சு. தமிழ்நாடு மூணு வருஷம் பொறுத்திருந்து 2022 அக்டோபரில் ஏத்துச்சு. ஹெல்மெட் இல்லைன்னா 100 ரூபாயா இருந்தது 1000 ஆச்சு. லைசென்ஸ் இல்லாம ஓட்டினா 5000. இன்சூரன்ஸ் இல்லைன்னா முதல் தடவை 2000, அடுத்த தடவை 4000. நோ பார்க்கிங்ல நிறுத்தினா 500, மறுபடி மாட்டினா 1500.

இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா ரெண்டு கட்சி உருவாகிடும். "கஜானா காலி, அதான் நம்ம தலையில கை வைக்கறாங்க"ன்னு ஒரு கட்சி. "ஒழுங்கா ஓட்டினா ஃபைன் எதுக்கு வரப்போகுது"ன்னு இன்னொரு கட்சி. ரெண்டு பக்கமும் ஓரளவு நியாயம் இருக்கு. ஆனா ரெண்டு பேருமே அபராதத்தை ஒரு விலை மாதிரிதான் பார்க்கறாங்க. கட்டுப்படியாகுமா, ஆகாதாங்கறதுதான் பேச்சு. அரசாங்கமும் பல நேரத்துல அப்படித்தான் நடந்துக்குது.

என் கருத்து இதுதான்: சலான்ல அச்சாகி வர்ற தொகை, இந்த மொத்த விஷயத்துலயே ரொம்பச் சின்ன நம்பர். பெரிய நம்பர் எந்தச் சலான்லயும் வராது. அதைப் பார்க்கப் பழகினவங்கதான் பொறுப்பான டிரைவர்.

1000 ரூபாய் யாருக்கு எவ்வளவு?

முதல்ல அபராதத்தையே எடுத்துக்கலாம். சிப்காட்டில் வேலை செய்யற ஒருத்தருக்குக் கையில் வர்ற சம்பளம் 26,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். மாசம் 26 நாள் வேலை. அப்படின்னா ஒரு ஹெல்மெட் சலான் அவருக்கு முழுசா ஒரு நாள் சம்பளம், மாச வருமானத்துல கிட்டத்தட்ட 4 சதவீதம். மாசம் 2,60,000 வாங்கற மேனேஜருக்கு அதே 1000 ரூபாய் 0.4 சதவீதம்கூட இல்ல. வீக்எண்ட் ஹோட்டல் பில்லோட அது காணாமப் போயிடும்.

ஜிஎஸ்டி பத்தி நாம பேசும்போது சொல்ற அதே குறைதான் இங்கயும். சோப்பு வாங்கற ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே வரி. அபராதமும் அப்படித்தான், குறைஞ்ச சம்பளக்காரருக்கு அது தண்டனை, பெரிய சம்பளக்காரருக்கு அது கட்டணம். பின்லாந்துல அதிவேகத்துக்கான அபராதத்தை வருமானத்தை வெச்சுக் கணக்குப் போடுறாங்க. 2023-ல் ஆண்டர்ஸ் விக்லோஃப்ங்கற தொழிலதிபர் 50 கிலோமீட்டர் வேக எல்லையில 82-ல போனதுக்கு 1,21,000 யூரோ கட்டினார். நம்ம ஊர்ல அந்த முறையை அப்படியே கொண்டுவர முடியாது, பாதிப் பேரோட வருமானம் எந்தக் கணக்குலயும் இல்ல. ஆனா "எல்லாருக்கும் ஒரே தொகை, அதனால நியாயம்"னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன்.

இன்னொரு விஷயம். சொந்தமா வேன், டெம்போ வெச்சுத் தொழில் பண்றவங்க வழக்கமா கேட்கற கேள்வி: "ஆடிட்டர் சார், இந்த ஃபைனை எல்லாம் செலவுல காட்டிடலாமா?" முடியாது. சட்டத்தை மீறினதுக்குக் கட்டற அபராதத்தை வருமான வரிச் சட்டம் தொழில் செலவா ஏத்துக்காது. டீசல் செலவு, டயர் செலவு ஓகே. ஃபைன் செலவுன்னு ஒண்ணு கிடையாது. வரிச் சட்டமே அதை விலையா பார்க்கலைங்கறதை மனசுல வெச்சுக்குங்க.

லேட்டா கட்டினா தள்ளுபடி!

வருமான வரி ரிட்டர்னைக் கெடு தாண்டித் தாக்கல் பண்ணா, பாக்கி வரிக்கு மாசம் 1 சதவீதம் வட்டி. கிரெடிட் கார்டு பில் லேட்டானா வட்டி கழுத்தை நெரிக்கும். இஎம்ஐ தவறினா சிபில் ஸ்கோர் அடி வாங்கும். ஆனா எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு பாக்கிக்கு மட்டும், கட்டாம இழுத்தடிச்சா பரிசு கிடைக்குது.

2023 பிப்ரவரியில் கர்நாடகா, நிலுவையில இருக்கற டிராஃபிக் சலான்களுக்கு 50 சதவீதம் தள்ளுபடி அறிவிச்சது. பெங்களூருவில் மட்டும் ஒன்பது நாள்ல 100 கோடி ரூபாய்க்கு மேல வசூல். அதுக்கப்புறமும் தள்ளுபடி திரும்பத் திரும்ப வந்தது, 2025 ஆகஸ்ட் 23-லிருந்து செப்டம்பர் 12 வரைக்கும் ஒரு தடவை கொடுத்தாங்க. எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா பக்கம் தினமும் போயிட்டு வர்ற நம்ம ஆளுங்க பலருக்கு இது மனப்பாடம். "இப்ப கட்டாதடா, ஆஃபர் வரும்."

நீதிமன்றத்துல குவிஞ்ச கேஸ்களைக் குறைக்க இது உதவுதுங்கறது உண்மைதான். ஆனா சலான் வந்த வாரமே 500 ரூபாய் முழுசா கட்டினவருக்கு என்ன கிடைச்சது? ஒண்ணும் இல்ல. ரெண்டு வருஷம் கண்டுக்காம இருந்தவர் 250 கட்டிட்டுப் போயிடறார். ஒழுங்கா இருக்கறவன் ஏமாளிங்கற பாடத்தை அரசே நடத்தற மாதிரி ஆகிடுது.

தள்ளுபடி கொடுக்கணும்னா தலைகீழா கொடுக்கணும். இங்கிலாந்துல உள்ளாட்சி அமைப்புகள் போடற பார்க்கிங் அபராதத்தை 14 நாளுக்குள்ள கட்டினா பாதித் தொகை போதும். சீக்கிரம் கட்டறவருக்குச் சலுகை, இழுத்தடிக்கறவருக்கு முழுத் தொகை. நம்ம ரெண்டு மாநிலமும் யோசிக்க வேண்டியது இந்த மாதிரி முறையைத்தான்.

சலான்ல வராத நம்பர்

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம். கம்பெனி பேலன்ஸ் ஷீட்ல பொறுப்புகள்னு ஒரு பக்கம் இருக்கும். அதுல வராத ஒரு வகைப் பொறுப்பும் உண்டு: ஒரு சம்பவம் நடந்தா மட்டும் உங்க தலையில விழற கடன். அதைக் கணக்கோட குறிப்புகள்ல எழுதி வைப்பாங்க. பைக் ஓட்டற ஒவ்வொருத்தருக்கும் அப்படி ஒரு கடன் இருக்கு, ஆனா யாரும் எழுதி வைக்கறது இல்ல.

உங்க வண்டி மோதி ஒருத்தர் இறந்துட்டார்னு வெச்சுக்குங்க. சொல்லவே கஷ்டமா இருக்கு, ஆனா கணக்குப் போட்டுத்தான் ஆகணும். இழப்பீட்டை எப்படிக் கணக்கிடணும்னு உச்ச நீதிமன்றம் 2009-ல் சரளா வர்மா வழக்குலயும், 2017-ல் பிரணய் சேத்தி வழக்குலயும் ஒரு ஃபார்முலா கொடுத்திருக்கு. இறந்தவரும் நம்ம உதாரண ஆள் மாதிரியே 26,000 சம்பளக்காரர், வயசு 30, மனைவி, ஒரு குழந்தை, அம்மான்னு மூணு பேர் அவரை நம்பி இருக்காங்கன்னு எடுத்துப்போம்.

வருஷ வருமானம் 3,12,000.
எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தா 4,36,800.
அவரோட சொந்தச் செலவுக்கு மூணுல ஒரு பங்கு கழிச்சா 2,91,200.
30 வயசுக்கான பெருக்குத்தொகை 17. பெருக்கினா 49,50,400.

கிட்டத்தட்ட 50 லட்சம். இறுதிச் சடங்கு, குடும்பத்தோட இழப்புன்னு சில தலைப்புகள்ல இன்னும் கொஞ்சம் சேரும், அதுக்கு மேல வட்டியும் வரும். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தா இதைக் கம்பெனி கொடுக்கும். இல்லைன்னா நீங்க கொடுக்கணும். 26,000 சம்பளத்தை ஒரு பைசா செலவு பண்ணாம அப்படியே கொடுத்தாலும் 190 மாசம், கிட்டத்தட்ட 16 வருஷம். கட்டலைன்னா நில வருவாய் பாக்கி மாதிரி கலெக்டர் மூலமா வசூலிக்கவும் சட்டத்துல வழி இருக்கு. வீடு, நிலம்னு எல்லாமே ஆபத்துல வந்துடும்.

இதுக்கு எதிர்ப்பக்கம் என்ன இருக்குன்னு பாருங்க. 75-லிருந்து 150 சிசி வரைக்குமான பைக்குக்கு, 2022 ஜூனில் நிர்ணயிச்ச தேர்ட் பார்ட்டி பிரீமியம் வருஷத்துக்கு 714 ரூபாய், வரி தனி. தினம் ரெண்டு ரூபாய்க்குள்ள. அது இல்லாம ஓட்டினா ஃபைன் 2000 ரூபாய்ங்கறது நமக்குத் தெரியும், அதுக்காகப் பயப்படறோம். அந்த 2000-க்குப் பின்னாடி நிக்கற 50 லட்சத்தை யாரும் பார்க்கறது இல்ல.

இங்க ஒரு பொறி இருக்கு. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கின புது பைக்குகளுக்கு அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை ஷோரூமிலேயே சேர்த்துக் கொடுத்துடறாங்க. அஞ்சு வருஷம் ஒரு தடவைகூட ரின்யூ பண்ணாததால அந்தப் பழக்கமே விட்டுப் போகுது. 2020-ல் வாங்கின பைக்கா? உங்க தேர்ட் பார்ட்டி கவர் 2025-லயே முடிஞ்சிருக்கும். இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள ஆர்சியை எடுத்துப் பாருங்க.

லைசென்ஸ் விஷயமும் இதே கதைதான். ரூம்மேட்டுக்கு லைசென்ஸ் இல்லைன்னு தெரிஞ்சே "சூளகிரி வரைக்கும்தானே, எடுத்துட்டுப் போடா"ன்னு சாவியைக் கொடுக்கறீங்க. ஓட்டினவருக்கு 5000, கொடுத்த ஓனருக்கும் தனியா 5000 அபராதம் போடச் சட்டத்துல இடம் இருக்கு. அது போகட்டும். அவர் யார் மேலயாவது மோதினா, இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்கு முதல்ல பணத்தைக் கொடுத்துட்டு, அப்புறம் அந்தத் தொகையை ஓனரான உங்ககிட்ட வசூலிக்கலாம். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் இதுக்கு வழி காட்டியிருக்கு. ஒரு சாவி கொடுத்த நட்புக்கு விலை 50 லட்சம்.

வீட்டுல 17 வயசுத் தம்பி இருந்தா இதையும் குறிச்சுக்குங்க: சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செஞ்சா பெற்றோருக்கோ ஓனருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூணு வருஷம் வரைக்கும் சிறை, வண்டியோட பதிவு 12 மாசத்துக்கு ரத்து.

உங்க குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்?

"எனக்கு ஏதாவது ஆனா இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. தேர்ட் பார்ட்டி பாலிசி பேர்லயே இருக்கு, அது மூணாவது ஆளுக்கு. உங்களுக்கு இல்ல. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த கர்நாடக வழக்கு ஒண்ணு இதைத் தெளிவாக்கிடுச்சு. வேகமா, அஜாக்கிரதையா ஓட்டி, கார் கவிழ்ந்து இறந்தவரோட குடும்பம் 80 லட்சம் இழப்பீடு கேட்டது. தப்பு ஓட்டினவரோடது, அதனால இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டியதில்லைன்னு உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றமும் மாத்தலை. தப்பு பண்ணவர் போயிட்டார், தண்டனை மனைவிக்கும் பிள்ளைக்கும் பெத்தவங்களுக்கும்.

ஓனரே ஓட்டும்போது இறந்தா குடும்பத்துக்கு 15 லட்சம் தர்ற தனிநபர் விபத்து கவர்னு ஒண்ணு இருக்கு. வண்டி உங்க பேர்ல இருக்கணும், நீங்களே ஓட்டியிருக்கணும், செல்லுபடியாகிற லைசென்ஸ் இருக்கணும். நண்பர் பைக்கை நீங்க ஓட்டும்போது அந்த வண்டியோட கவர் உங்களைக் காப்பாத்தாது. குடிச்சிட்டு ஓட்டினா பெரும்பாலான விபத்து பாலிசிகளும் டேர்ம் இன்சூரன்ஸோட ஆக்சிடென்ட் ரைடரும் கையை விரிச்சிடும். குடிச்சிட்டு ஓட்டினதுக்கான ஃபைன் 10,000ன்னு எல்லாருக்கும் தெரியும். ரைடர் தொகையும் போயிடும்ங்கறது எத்தனை பேருக்குத் தெரியும்?

மத்திய அரசோட அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். ஹெல்மெட் போடாத நிலையில இறந்தவங்க நாடு முழுக்க 50,029 பேர், அதுல 14,337 பேர் பின் சீட்டுல உட்கார்ந்து போனவங்க. இறந்தவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு 18-லிருந்து 45 வயசுக்காரங்க. அதாவது வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவர்ற வயசு.

எல்லாத்துக்கும் டிரைவர்தான் காரணமா?

இல்ல. இதையும் சொல்லாம விட்டா நியாயமா இருக்காது. பாகலூர் ரோட்டுலயும் பஸ் ஸ்டாண்ட் பக்கமும் வண்டி நிறுத்த இடம் தேடி அலையற ஆளுக்கு 500 ரூபாய் சலான் எரிச்சலைத்தான் தரும். நிறுத்த இடம் காட்டிட்டு, அதுக்கப்புறம் தப்பான இடத்துல நிறுத்தினா அபராதம் போடுங்க. இடமே காட்டாம வாங்கற பணத்துக்குப் பேர் அபராதம் இல்ல, வாடகை.

2019 திருத்தத்துல 198ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. ரோட்டை விதிப்படி வடிவமைக்காம, பராமரிக்காம விட்டு, அதனால உயிர் போனாலோ ஊனம் ஆனாலோ, பொறுப்பான அமைப்புக்கும் கான்ட்ராக்டருக்கும் 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம். சட்டத்தை அமல்படுத்தற அதிகாரியே போக்குவரத்து விதியை மீறினா ரெண்டு மடங்கு அபராதம்னு 210பி சொல்லுது. ஹெல்மெட் ஃபைன் பத்தித் தெரியாத ஆளே இல்ல, இந்த ரெண்டு பிரிவைப் பத்திக் கேள்விப்பட்டவங்க எத்தனை பேர்? அபராதத்தை ஏத்தின வேகத்துல இதையும் பயன்படுத்தினாத்தான் மக்களுக்கு நம்பிக்கை வரும். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்துல போட்ட பொதுநல வழக்காலதான் 2014-ல் சாலைப் பாதுகாப்புக்குன்னு ஒரு கமிட்டி வந்தது. கேள்வி கேட்டா கொஞ்சமாவது நகரும்ங்கறதுக்கு நம்ம மாநிலத்துக்காரரே உதாரணம்.

ஆனா ஒண்ணு. ரோட்டுல குழி இருக்குங்கறது ஹெல்மெட் போடாம இருக்கக் காரணம் ஆகாது. போடறதுக்குத்தான் காரணம்.

நம்ம ஊரையே பாருங்க. ஓசூர்ல டிவிஎஸ், ஏத்தர், போச்சம்பள்ளியில ஓலான்னு நாட்டுக்கே டூவீலர் செஞ்சு அனுப்பற மாவட்டம் இது. லைன்ல வேலை செய்யறவங்க சேஃப்டி ஷூ இல்லாம உள்ள போக மாட்டாங்க. ஃபைனுக்குப் பயந்தா அதைப் போடறாங்க? கால் போயிடும்னு தெரியும், அதனால போடறாங்க. ஷிஃப்ட் முடிஞ்சு பஞ்ச் அடிச்சு கேட்டைத் தாண்டினதும் அதே ஆள் ஹெல்மெட்டை டேங்க் மேல வெச்சுட்டு ஹைவேயில ஏறார். ஒரே ஆள், ஒரே உடம்பு. உள்ள பொறுப்பு, வெளிய ஃபைன் கணக்கு.

சம்பளம் வந்த வாரத்துல செய்ய வேண்டியவை

1. ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ், புகைச் சான்று நாலோட கடைசித் தேதியையும் மொபைல் காலண்டர்ல ஒரு மாசம் முன்னாடியே ரிமைண்டரா போடுங்க. எம்பரிவாஹன் ஆப்லயே எல்லாம் தெரியும்.

2. பரிவாஹன் இ-சலான் தளத்துல உங்க வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. பெங்களூரு பக்கம் போறவங்க அந்த ஊர் போக்குவரத்து போலீஸ் தளத்துலயும் பாருங்க. சரியான சலானா இருந்தா ஆஃபருக்குக் காத்திருக்காம கட்டிடுங்க. தப்பான சலானா இருந்தா விட்டுடாதீங்க, அதே தளத்துல புகார் பதிவு பண்ணுங்க.

3. வாட்ஸ்அப்ல "உங்க வண்டிக்கு சலான்"னு ஏபிகே ஃபைல் வந்தா தொடவே தொடாதீங்க. பேங்க் அக்கவுண்ட்டைக் காலி பண்ற மோசடி அது. அரசு தளத்தோட முகவரி "ஜிஓவி டாட் இன்"ன்னு முடியும்.

4. பழைய பைக்கை வித்துட்டீங்களா? ஆர்சி பேர் மாறிச்சான்னு பாருங்க. பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர்னு 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. கர்நாடகாக்காரருக்கு வித்திருந்தா என்ஓசி வேலையையும் சேர்த்து முடிங்க.

5. டேர்ம் இன்சூரன்ஸும் தனிநபர் விபத்து பாலிசியும் இல்லைன்னா, அடுத்த எஸ்ஐபி-யைத் தொடங்கறதுக்கு முன்னாடி அதை எடுங்க.

6. ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரையோட ரெண்டு வாங்குங்க. ரெண்டாவது, பின்னாடி உட்கார்றவருக்கு.

மாச பட்ஜெட்ல பெட்ரோல், சர்வீஸ், டோல்னு எழுதறோம். "ஃபைன்"னு ஒரு வரி எழுத வேண்டிய நிலைமை வந்தா, அதைச் செலவுக் கணக்குல வைக்காதீங்க. 1000 ரூபாய் போச்சேன்னு வருத்தப்படறதை விட, அந்தச் சலான் எந்த 50 லட்சத்தை ஞாபகப்படுத்த வந்ததுன்னு பாருங்க. ஓசூர்ல 1000, அத்திப்பள்ளியில 500. ஆனா 50 லட்சம் எல்லைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், அதுக்கு ஆஃபரும் வராது.

அடுத்த வாரம் வண்டி லோனையும் அதோட இன்சூரன்ஸையும் பத்திப் பேசலாம். பார்த்து ஓட்டுங்க.